வெட்டிச் சுருக்கும் முன்: ஏகபரிமாணக் கட்டுப்பாட்டுத் தொகுதிகளின் அட்சரகணிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு, பொறியியல் பீடத்தில் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் பாடத்தை முதன்முறை ஆங்கிலத்தில் சந்திக்கும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மொறட்டுவையில் படிப்பவர்களும் நாவலையில் படிப்பவர்களும் அவர்களில் உண்டு. வருகிறவர்கள் மாறினாலும் கேட்பவை பெரும்பாலும் இவைதான். ஆகவே அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதில்களையும் சேர்த்துவைக்கிறேன்.

குறியீடுகள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கும். நிலை நி, உள்ளீடு உ, வெளியீடு வெ. தாயங்கள் அ, ஆ, இ. நேரம் குறித்த பெறுதிக்கு மேலே ஒரு கோடு: நி′. விரிவுரைத் தாளில் எழுத்துகள் வேறாக இருக்கும், பொருள் அதேதான்.

அக்கா, கட்டுப்பாடு என்றால் வகையீட்டுச் சமன்பாடுதானே? இதில் அட்சரகணிதம் எங்கிருந்து வந்தது?

வகையீட்டுச் சமன்பாடுதான். ஆனால் குணகங்கள் மாறிலிகளாக இருந்தால் நமக்கு ஒரு பெரிய சலுகை கிடைக்கிறது. "நேரம் குறித்து வகையிடு" என்ற செயலை ச என்ற ஒற்றை எழுத்தாக எழுதிவிடலாம். இருமுறை வகையிட்டால் ச². பிறகு அந்த எழுத்தைச் சாதாரண மாறியைப் போலவே கூட்டலாம், பெருக்கலாம், காரணிப்படுத்தலாம். ச² + 3ச + 2 என்ற செயலை (ச+1)(ச+2) என்று உடைத்தால், முதலில் ஒன்றைச் செய்து பிறகு மற்றதைச் செய்வதாகப் பொருள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒலிவர் ஹெவிசைட் மின்சுற்றுகளை இப்படித்தான் தீர்த்தார்.

கூட்டல், பெருக்கல் வரை ஆபத்து இல்லை. வகுத்தலும், வகுத்தபின் பொதுக் காரணியை வெட்டிச் சுருக்குவதும்தான் கவனமாகச் செய்யவேண்டியவை. கீழே உள்ள கேள்விகளில் பாதி அங்கேதான் வந்து நிற்கின்றன.

உலகத்தில் எதுவும் ஏகபரிமாணம் இல்லையே. பிறகு ஏன் இதைப் படிக்கிறோம்?

ஏகபரிமாணம் என்றால் காரணத்தை இரு மடங்காக்கினால் விளைவும் இரு மடங்காகும், காரணங்களைக் கூட்டினால் விளைவுகளும் கூடும். கொழும்பில் எந்தத் தொடர்மாடியின் உச்சியிலும் தண்ணீர்த் தாங்கி இருக்கும். அதன் அடியில் உள்ள துளையால் வெளியேறும் நீரின் வேகம் நீர்மட்டத்துக்கு அன்றி, நீர்மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். மட்டம் 1 மீட்டரில் நிற்கும்போது வெளியேற்றத்தை 1 அலகு என்று வையுங்கள். மட்டம் 1.1 மீட்டர் ஆனால் உண்மையான வெளியேற்றம் 1.049. வர்க்கமூல வளையிக்குப் பதிலாக அந்த இடத்துத் தொடலியை எடுத்தால் 1.05 வரும். வித்தியாசம் தெரியவே தெரியாது. மட்டம் 4 மீட்டர் ஆகிவிட்டால் உண்மை 2, தொடலி சொல்வதோ 2.5.

கட்டுப்பாட்டின் வேலையே ஒன்றை அதன் இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பது. பக்கத்தில் இருக்கும்வரை தொடலி போதும். இலங்கையின் மின்வலையமைப்பு 50 ஹேர்ட்ஸைச் சுற்றி சிறிதாக ஏறி இறங்குவதை ஏகபரிமாணச் சமன்பாடு நன்றாகச் சொல்லும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அத்தகைய சரிவை அதே சமன்பாட்டிடம் கேட்கக்கூடாது. கீழே நான் எழுதும் மாறிகள் எல்லாம் "வழக்கமான இடத்தில் இருந்து எவ்வளவு விலகல்" என்பதையே குறிக்கும். அதனால் எதிர்ப் பெறுமானங்களும் வரலாம்.

"நிலை" என்று எதைச் சொல்கிறார்கள்? வெளியீட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கணத்தில் எவற்றைத் தெரிந்துகொண்டால், இனி வரும் உள்ளீட்டை மட்டும் வைத்து எதிர்காலத்தை முழுதாகச் சொல்லிவிடலாமோ, அவைதான் நிலை. பழைய வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கிவிடவேண்டும். வெளியீடு என்பது நாம் மானி பொருத்திப் பார்க்கும் பகுதி மட்டும்.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தாங்கிகள். பம்பி மேல் தாங்கிக்குள் நீரை விடுகிறது. மேல் தாங்கி கீழ் தாங்கிக்குள் வடிகிறது, கீழ் தாங்கி வீடுகளுக்குப் போகிறது. மேல் மட்டத்தை மே, கீழ் மட்டத்தை கீ என்போம். அலகுகளை வசதியாகத் தெரிந்தெடுத்தால்:

மே′ = −மே + உ
கீ′ = மே − 2கீ

நிலை (மே, கீ) என்ற இரண்டு எண்கள். தாயம் அ-வின் முதல் நிரை (−1, 0), இரண்டாம் நிரை (1, −2). தாயம் ஆ என்பது (1, 0) என்ற நிரல். கீழ் மட்டத்தை மட்டும் அளந்தால் இ என்பது (0, 1) என்ற நிரை. குணகங்கள் மாறிலிகளாகவும் நிலைகள் முடிவுள்ள எண்ணிக்கையிலும் இருக்கும் ஏகபரிமாணத் தொகுதி நி′ = அ நி + ஆ உ, வெ = இ நி என்ற இந்த உருவத்துக்கு வந்துவிடும். உள்ளீடு நேராக வெளியீட்டைத் தொட்டால் இன்னோர் உறுப்புச் சேரும், அவ்வளவுதான்.

மாற்றுச் சார்பை இதில் இருந்து எப்படி எடுப்பது?

மாற்றுச் சார்பு என்பது உள்ளீட்டை எந்தக் கோவையால் பெருக்கினால் வெளியீடு வருமோ அது. தொடக்கத்தில் எல்லாம் பூச்சியம் என்று வைத்து, பெறுதிக்குப் பதிலாக ச-வால் பெருக்குங்கள். (ச+1)மே = உ, (ச+2)கீ = மே. ஆகவே கீ = உ / ((ச+1)(ச+2)). பொதுவாக எழுதினால் இ (ச − அ)⁻¹ ஆ. இங்கே ச என்பது ச-வால் பெருக்கிய அலகுத் தாயம்.

"தொடக்கத்தில் எல்லாம் பூச்சியம்" என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பிழைகள் அந்த நிபந்தனையை மறப்பதால் வருகின்றன.

முனைவு இடப்பக்கம் இருந்தால் உறுதி என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். ஏன்?

(ச − அ) என்ற தாயத்தின் துணிகோவையைப் பூச்சியமாக்கும் ச-வின் பெறுமானங்கள்தான் முனைவுகள், தாங்கிகளில் −1, −2. ஒவ்வொரு முனைவும் தொகுதியின் அசைவில் ஒரு பகுதியைத் தரும், எல்லாப் பகுதிகளும் தானாகத் தேய்ந்தால் தொகுதி உறுதி. முனைவு −2 என்றால், அந்தப் பகுதி ஒவ்வொரு செக்கனும் தன் அளவைப்போல் இரு மடங்கு வீதத்தில் குறைந்துகொண்டே போகிறது. முனைவு +1 என்றால் தன் அளவுக்குச் சமமான வீதத்தில் கூடிக்கொண்டே போகிறது. சிக்கலெண்ணாக இருந்தால் கற்பனைப் பகுதி ஆட்டத்தைத் தரும். வளர்வதா தேய்வதா என்பதை மெய்ப்பகுதியின் குறி தீர்மானிக்கும். அது எதிராக இருப்பதுதான் இடப்பக்கம்.

படி 3, படி 4 வந்தால் மூலங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையே?

மூலங்கள், அதாவது முனைவுகள், எங்கே என்று தெரியவேண்டியதில்லை, எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். நீராவி இயந்திரங்களின் வேகக் கட்டுப்படுத்திகளைப் பற்றி ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1868இல் எழுதியபோது இதே கேள்வியில் வந்து நின்றார். பொதுவான விடையை எட்வர்ட் ரௌத் 1877இல் கொடுத்தார். அடொல்ஃப் ஹுர்விட்ஸ் 1895இல் அதையே துணிகோவைகளால் வேறுவழியில் கண்டார்.

படி 3க்கு விடை ஒரே வரி. ச³ + கச² + ஙச + ச₀ என்ற பல்லுறுப்பியில் க, ங, ச₀ மூன்றும் நேர் எண்களாகவும், க × ங என்பது ச₀-வை விடப் பெரிதாகவும் இருந்தால் எல்லா மூலங்களும் இடப்பக்கம். ச³ + 2ச² + 3ச + 7 எடுத்தால் குணகங்கள் எல்லாம் நேர், ஆனால் 2 × 3 = 6 ஏழைவிடச் சிறிது. ஆகவே உறுதி இல்லை. "குணகங்கள் எல்லாம் நேராக இருக்கின்றன, அது போதும்" என்று எழுதுகிறவர்களுக்காக இந்த உதாரணம்.

என் நண்பன் அதே சுற்றுக்கு வேறு தாயங்கள் எழுதியிருக்கிறான். யார் சரி?

பெரும்பாலும் இருவரும் சரி. காலி வீதியில் இருந்து வருகிறவருக்கு ஒரு வழி சொல்கிறோம், மரைன் டிரைவில் இருந்து வருகிறவருக்கு வேறு வழி சொல்கிறோம், வீடு ஒன்றுதான். தாங்கிகளுக்கு மே, கீ என்று எழுதலாம். மே + கீ, மே − கீ என்றும் எழுதலாம். தாயத்தில் உள்ள எண்கள் மாறும். முனைவுகளும் மாற்றுச் சார்பும் மாறா. இருவருடைய மாற்றுச் சார்பும் ஒன்றாக இருந்தும், ஒருவருக்கு 3 நிலைகள் மற்றவருக்கு 2 நிலைகள் என்றால், அது வேறு கதை. பொதுக் காரணி பற்றிய கேள்வியில் அதற்கு வருவோம்.

கெய்லி–ஹமில்டன் தேற்றத்தைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். உண்மையில் இதனால் என்ன பயன்?

எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. உயர்தர இணைந்த கணிதத்தில் மீதித் தேற்றம் படித்திருக்கிறீர்கள். ஒரு பல்லுறுப்பியை இன்னொன்றால் வகுத்தால், ஈவு × வகுத்தி + மீதி. வகுத்தி பூச்சியமாகும் இடத்தில் ஈவு என்னவாக இருந்தாலும் கவலை இல்லை, மீதி மட்டும் மிஞ்சும். கெய்லி–ஹமில்டன் சொல்வது, தாயத்தைத் தன் சிறப்பியல்புப் பல்லுறுப்பியில் (அதாவது (ச − அ)-வின் துணிகோவையில்) இட்டால் பூச்சியத் தாயம் வரும் என்பது. எனவே அந்தப் பல்லுறுப்பியால் எதையும் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நம் தாங்கித் தாயத்துக்கு அந்தப் பல்லுறுப்பி ச² + 3ச + 2. அ¹⁰ வேண்டும் என்று வைப்போம். ச¹⁰ஐ அதனால் வகுத்தால் மீதி ப + மச என்ற உருவில் இருக்கும். ச = −1 இட்டால் ப − ம = 1. ச = −2 இட்டால் ப − 2ம = 1024. ஆகவே ம = −1023, ப = −1022. முடிந்தது: அ¹⁰ = −1023 அ − 1022 × அலகுத் தாயம். பிரித்து எழுதினால் முதல் நிரை (1, 0), இரண்டாம் நிரை (−1023, 1024). ஒன்பது முறை பெருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஒருங்கமை சமன்பாடுகள்தான் தேவைப்பட்டன. அடுக்குக்குறித் தாயத்தையும் இதே வழியில் எடுக்கலாம், ச¹⁰ இருந்த இடத்தில் அடுக்குக்குறிச் சார்பை வையுங்கள்.

கணக்கு வேகமாவதை விடப் பெரிய பயன் ஒன்று உண்டு. நிலைகள் 2 என்றால் அ², அ³ முதலிய எல்லா அடுக்குகளும் அலகுத் தாயத்தாலும் அ-வாலும் சொல்லக்கூடியவை. அவற்றில் புதிதாக எதுவும் இல்லை. அடுத்த பதில் முழுவதும் இந்த உண்மையில்தான் நிற்கிறது.

கட்டுப்படுத்தத்தகு தன்மைக்கு ஆ, அஆ, அ²ஆ என்று நிரல்களை அடுக்குகிறோம். ஏன் அப்படி? எங்கே நிறுத்துவது?

உள்ளீடு நேராகத் தள்ளும் திசை ஆ. அந்தத் தள்ளல் தொகுதியின் ஊடாக ஒரு படி பரவினால் அஆ, இன்னொரு படி பரவினால் அ²ஆ. இந்த நிரல்கள் எல்லாத் திசைகளையும் நிரப்பினால் எந்த நிலைக்கும் போகலாம், அதுதான் கட்டுப்படுத்தத்தகு தன்மை. நிலைகள் எத்தனையோ அத்தனை நிரல்களில் நிறுத்தலாம், ஏனென்றால் அதற்கு மேல் வருபவை பழையவற்றின் கலவைதான் என்று மேலே பார்த்தோம்.

தாங்கிகளில் ஆ = (1, 0), அஆ = (−1, 1). இரண்டும் வேறு திசைகள். ஆகவே பம்பி இரண்டு மட்டங்களையும் ஆளும். இப்போது பம்பியின் குழாயைக் கழற்றிக் கீழ் தாங்கிக்குள் விடுங்கள். ஆ = (0, 1), அஆ = (0, −2). ஒரே திசை. மேல் தாங்கி கைக்கு எட்டாது. தண்ணீர் மேல்நோக்கி ஓடாது என்பதைத்தான் தாயம் தன் பாஷையில் சொல்கிறது. இந்தச் சோதனையையும், அடுத்த கேள்வியில் வரும் இதன் இணையையும் ருடொல்ஃப் கால்மன் 1960இல் மொஸ்கோவில் நடந்த முதலாவது உலகத் தானியங்கிக் கட்டுப்பாட்டு மாநாட்டில் முன்வைத்தார்.

அவதானிக்கத்தகு தன்மையும் அதே மாதிரிதானா?

அதேதான். வெளியீட்டைப் பார்த்தே நிலை முழுவதையும் அறியலாமா என்பது இங்கே கேள்வி. நிரலுக்குப் பதில் நிரை: இ, இஅ, இஅ². மேல் தாங்கிக்கு மட்டும் மானி வைத்தால் இ = (1, 0), இஅ = (−1, 0). ஒரே திசை. கீழ் தாங்கி நிரம்பி வழிந்தாலும் மேல் மானிக்குத் தெரியாது. கீழ் தாங்கிக்கு வைத்தால் (0, 1), (1, −2), இரண்டும் தெரியும். கீழ் மட்டம் ஏறி இறங்கும் விதத்தில் இருந்து மேல் மட்டத்தை ஊகித்துவிடலாம். நிரை நிரலாக மாற்றி எழுதினால் ஒரு சோதனை மற்றதாகிவிடும். ஆகவே ஒன்றுக்கு நிறுவியதை மற்றதற்குத் திரும்ப நிறுவவேண்டாம்.

மாற்றுச் சார்பில் மேலும் கீழும் (ச−1) வருகிறது. வெட்டிவிடலாம்தானே? பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே செய்தோம்?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான்.

ஓர் இயந்திரத்தின் மாற்றுச் சார்பு 1/(ச−1). முனைவு +1, தனியே விட்டால் வளர்ந்துகொண்டே போகும். அதற்கு முன்னால் (ச−1)/(ச+2) என்ற கட்டுப்படுத்தியை வைத்தால், பெருக்கம் 1/(ச+2). தாளில் உறுதி. பிள்ளைகள் இதை எழுதிவிட்டு மகிழ்ச்சியோடு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

இப்போது நிலைகளை எழுதுவோம். கட்டுப்படுத்தியின் நிலை க, இயந்திரத்தின் நிலை ய.

க′ = −2க + உ
ய′ = ய − 3க + உ

இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழியுங்கள். (ய − க)′ = ய − க. உ காணாமல் போய்விட்டது! ய-வுக்கும் க-வுக்கும் இடையிலான வித்தியாசம் தன்பாட்டில் வளர்கிறது, உள்ளீட்டுக்கு அதில் எந்தப் பேச்சும் இல்லை. தொடக்கத்தில் அது சரியாகப் பூச்சியமாக இருந்தால் மட்டும் பூச்சியமாகவே இருக்கும். காற்று அசைத்தது, மானி கொஞ்சம் பிசகியது, கட்டுப்படுத்தியின் குணகம் 1க்குப் பதில் 1.001 ஆகிவிட்டது என்று ஏதோ ஒன்று நடக்கும். அந்த வித்தியாசம் 10 செக்கனில் ஏறத்தாழ 22,000 மடங்காகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் வெட்டியது தவறில்லை. அங்கே இரண்டு கோவைகளின் பெறுமானம் ஒன்றா என்பதுதான் கேள்வி. இங்கே கோவைக்குப் பின்னால் ஓர் இயந்திரம் நிற்கிறது. தாளில் காரணியை வெட்டினாலும் இயந்திரத்தின் அந்தப் பகுதி வெட்டப்படுவதில்லை, நம் கண்ணில் இருந்து மறைகிறது, அவ்வளவுதான். இந்த வரிசையில் வைத்தால் மறைந்தது கட்டுப்படுத்த முடியாததாகிறது. இயந்திரத்தை முன்னாலும் கட்டுப்படுத்தியைப் பின்னாலும் வைத்தால் மறைந்தது அவதானிக்க முடியாததாகிறது. இரண்டாவது இன்னும் கொடியது, ஏனென்றால் உள்ளே அது வளர்ந்துகொண்டிருக்கும், வெளியீட்டில் ஒன்றும் தெரியாது.

வெட்டினது (ச+5) என்றால்? அப்போதும் பிழையா?

மறைந்த பகுதி தானாகத் தேய்ந்துவிடும், ஆகவே உறுதி கெடாது. ஆனால் (ச+0.01) போல மெதுவான காரணி என்றால் தேய்வதற்குப் பல நிமிடங்கள் எடுக்கும். வெட்டும் முன் அந்தக் காரணியை ஓரத்தில் எழுதிவையுங்கள். என்னிடம் படிக்கிறவர்களுக்கு அது கட்டாயம்.

பெரிய தாயங்களில் எந்த முனைவு மறைந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுக்கிய தாயம் ஆம் அல்லது இல்லை என்று மட்டும்தானே சொல்கிறது?

அதற்குத்தான் பொப்பொவ், பெலெவிச், ஹௌட்டஸ் ஆகிய மூவரின் பெயரில் உள்ள சோதனை. (ச − அ) என்ற தாயத்தின் பக்கத்தில் ஆ-வை ஒட்டிவைத்து, ச-வுக்கு ஒவ்வொரு முனைவையும் இட்டுப் பாருங்கள். நிரைகள் ஒன்றையொன்று சார்ந்துவிட்டால் அந்த முனைவு கட்டுப்படாது.

முந்திய பதிலில் உள்ள இயந்திரத்துக்கு (ய, க) என்ற வரிசையில் தாயத்தின் நிரைகள் (1, −3), (0, −2). ஆ = (1, 1). ச = 1 இட்டால் ஒட்டிய தாயத்தின் நிரைகள் (0, 3, 1), (0, 3, 1). இரண்டும் ஒன்றே. பிடிபட்டுவிட்டது. ச = −2 இட்டால் (−3, 3, 1), (0, 0, 1), சாராதவை. ஆகவே −2 கட்டுப்படும், +1 கட்டுப்படாது.

அப்படியானால் மாற்றுச் சார்பே வேண்டாமா?

வேண்டும். வெளியில் இருந்து அளக்கக்கூடியது அதுதான். ஓர் இயந்திரத்தின் உள்ளமைப்புத் தெரியாமல் வெவ்வேறு மீடிறன்களைக் கொடுத்து அளந்தால் கிடைப்பது மாற்றுச் சார்பு. ஆனால் அது தொகுதியின் கட்டுப்படுத்தவும் அவதானிக்கவும் கூடிய பகுதியை மட்டும் காட்டுகிறது. முழுத் தொகுதியையும் நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம் என்றும், அந்த நான்கில் ஒன்றுதான் மாற்றுச் சார்பில் வருகிறது என்றும் கால்மன் காட்டினார்.

பல்லுறுப்பித் தாயங்கள் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இது எதற்கு?

வகுக்காமல் நிறுத்திவிடுவதற்கு. (ச+1)மே = உ, (ச+2)கீ = மே என்று எழுதினோம் அல்லவா? அங்கேயே நின்றுவிட்டால் ச-வின் பல்லுறுப்பிகள் உள்ள ஒரு தாயம் கிடைக்கும். எதையும் வகுக்கவில்லை, ஆகவே எதுவும் மறையவில்லை. சுற்றையோ பொறிமுறையையோ பார்த்து முதலில் எழுதும் சமன்பாடுகள் இயல்பாகவே இந்த உருவத்தில்தான் வருகின்றன. ஹவார்ட் ரோசன்புரொக் 1960களிலும் 70களிலும் இந்த வழியை வளர்த்தார்.

இங்கே முக்கியமான சொல் "பொதுக் காரணி இல்லாமை". முழு எண்களுக்குப் பொ.கா.பெ. காணும் யூக்கிளிட் முறை பல்லுறுப்பிகளுக்கும் அப்படியே வேலை செய்யும். (ச+2), (ச+1) இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை என்பதற்குச் சாட்சி: (ச+2) − (ச+1) = 1. இத்தகைய சமன்பாட்டைப் பெசூவின் சமன்பாடு என்பர். இரண்டிலும் (ச−1) பொதுவாக இருந்தால், எவற்றால் பெருக்கிக் கூட்டினாலும் ச = 1 இடும்போது இடப்பக்கம் பூச்சியம், வலப்பக்கம் 1. நடக்காது. மேலே வெட்டிய காரணியும், ஒன்றான நிரைகளும், இந்த நடக்காத சமன்பாடும் ஒரே குறையின் மூன்று முகங்கள்.

இரண்டு உள்ளீடு, இரண்டு வெளியீடு. நான்கு இடத்திலும் 1/(ச+1). நிலைகள் எத்தனை?

ஒன்று. "நான்கு" என்றுதான் முதலில் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு உள்ளீடுகளையும் கூட்டி ஒரே தாங்கிக்குள் விட்டு, அதன் மட்டத்தை இரண்டு மானிகளில் வாசித்தால் இதே மாற்றுச் சார்புத் தாயம் கிடைக்கும். ஆனால் மூலைவிட்டத்தில் மட்டும் 1/(ச+1) இருந்து மற்ற இரண்டு இடங்களும் பூச்சியம் என்றால் இரண்டு தாங்கிகள் வேண்டும். பின்னங்களைப் பார்த்து எண்ணக்கூடாது. 1/(ச+1)ஐ வெளியே எடுத்தபின் மிஞ்சும் எண் தாயத்தில் சாராத நிரைகள் எத்தனை என்று பார்க்கவேண்டும்.

முனைவுகளை நினைத்த இடத்தில் வைக்கலாம் என்கிறார்கள். உண்மையாகவா?

தொகுதி முழுதும் கட்டுப்படும் என்றால், நிலைகள் எல்லாவற்றையும் பின்னூட்டமாகக் கொடுத்தால், உண்மைதான். தாங்கிகளில் உ = −5மே − 4கீ என்று வையுங்கள். சிறப்பியல்புப் பல்லுறுப்பி ச² + 8ச + 16, அதாவது (ச+4)². −1, −2 ஆக இருந்த முனைவுகள் இரண்டும் −4க்குப் போய்விட்டன. 5, 4 என்ற எண்களைக் குணகங்களை ஒப்பிட்டே எடுக்கலாம். உள்ளீடுகள் பல இருந்தாலும் இது முடியும் என்று மரே வொனம் 1967இல் நிறுவினார்.

ய, க இயந்திரத்தில் எந்தப் பின்னூட்டத்தைக் கொடுத்தாலும் (ய − க)′ = ய − க அப்படியே நிற்கும். அந்த +1 அசையாது.

அப்படியானால் −400இல் வைக்கலாமே?

தாளில் வைக்கலாம். பம்பி அதற்கு வேண்டிய நீரைத் தராது. பம்பி தன் எல்லையைத் தொட்ட கணத்தில் சமன்பாடு ஏகபரிமாணமாக இல்லை, மேலே சொன்ன எதுவும் பொருந்தாது.

கணினியில் அடுக்கிய தாயத்தின் தரம் (சாராத நிரல்களின் எண்ணிக்கை) பார்த்தேன், முழுத் தரம் என்றது. ஆனால் வேலை செய்யவில்லை. ஏன்?

தாங்கிகளை இணைக்கும் குழாய் கிட்டத்தட்ட அடைத்துவிட்டது என்று வையுங்கள். ஆ = (1, 0), அஆ = (−1, 0.000001). அட்சரகணிதம் "வேறு திசைகள், கட்டுப்படும்" என்கிறது. பொய் சொல்லவில்லை, ஆனால் கீழ் மட்டத்தைச் சிறிது அசைக்க மேல் தாங்கியில் மலையளவு நீர் வேண்டும். ஆம் அல்லது இல்லை என்ற விடைக்குப் பிறகு "எவ்வளவு" என்ற கேள்வி வரவேண்டும்.

இன்னொன்று: பெரிய தாயத்தின் சிறப்பியல்புப் பல்லுறுப்பியை விரித்து எழுதி மூலம் காணாதீர்கள். ஜேம்ஸ் வில்கின்சன் 1 முதல் 20 வரையான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்பியை எடுத்து, 19ஆம் படியின் குணகமான −210ஐ ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு அளவே மாற்றினார். மூலங்களில் பத்து சிக்கலெண்களாகிவிட்டன. ஐகன் பெறுமானங்களை, அதாவது முனைவுகளை, தாயத்தில் இருந்தே நேராகக் கணிக்கும் முறைகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

குழாயில் நீர் வந்துசேரப் பிந்தினால்?

பிந்தல் பல்லுறுப்பிகளின் விகிதமாக வராது, அடுக்குக்குறிச் சார்பாக வரும். முனைவுகள் முடிவின்றி வந்துவிடும். பிந்தல் சிறிது என்றால் விகிதமுறு சார்பு ஒன்றால் அண்ணளவாக்கி மேலே சொன்னவற்றைத் தொடரலாம்.

துறைமுகப் பாரந்தூக்கியில் டிரொலியின் இடத்தை மட்டும் அளந்தால் கொள்கலனின் ஆட்டம் தெரியுமா?

கோட்டைப் பக்கம் நின்று துறைமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். நிலைகள் நான்கு: டிரொலியின் இடம், வேகம், கயிற்றின் கோணம், கோணம் மாறும் வேகம். விடை, டிரொலியை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விசையை உள்ளீடாகக் கொடுத்தால், ஆடும் கொள்கலன் டிரொலியை இழுக்கும், அந்த இழுப்பு இடத்தில் தெரியும், ஆகவே ஆட்டம் அவதானிக்கத்தக்கது. சொன்ன ஆர்முடுகலை என்ன இழுத்தாலும் விடாமல் தரும் பலமான மோட்டர் என்றால், டிரொலி ஆட்டத்தை உணரவே உணராது. கோணம் இடத்தின் சமன்பாட்டில் வராது. கட்டுப்படுத்த முடியும், காண முடியாது. கோணத்துக்குத் தனி மானி வேண்டும்.

மோட்டரை நல்லதாக மாற்றியபோது தொகுதி பார்வையை இழந்துவிட்டது. இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறவர்களிடம் இ, இஅ, இஅ², இஅ³ என்ற நான்கு நிரைகளையும் எழுதச் சொல்வேன். கோணத்தின் நிரலில் நான்கும் பூச்சியமாக வரும்.

கடைசியாக ஒன்று, அக்கா. எல்லாம் சரியாக இருந்த தொகுதி கணினியோடு இணைத்தபின் கட்டுப்படாமல் போகுமா?

போகும். கணினி தொடர்ந்து பார்ப்பதில்லை, இடைவெளி விட்டுப் பார்க்கிறது. பார்த்த கணத்தில் தீர்மானித்த உள்ளீட்டை அடுத்த முறை வரை அப்படியே வைத்திருக்கிறது. அதே பாரந்தூக்கியில் 25 மீட்டர் கயிறு என்றால் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 10 செக்கன். அந்த ஆட்டத்துக்கு உரியவை கற்பனை அச்சில் உள்ள இரண்டு முனைவுகள். ஒவ்வொரு 5 செக்கனுக்கும் ஒருமுறை பார்த்தால் அவை இரண்டும் −1 என்ற ஒரே இடத்தில் வந்து விழும். ஒற்றை உள்ளீட்டால் அவற்றைப் பிரித்து ஆள முடியாது. ஒட்டிவைக்கும் சோதனையை −1இல் செய்து பாருங்கள், நிரைகள் சார்ந்துவிடும்.

10 செக்கனுக்கு ஒருமுறை பார்த்தால் நிலைமை கண்ணுக்கே தெரியும். டிரொலி அசையாமல் நிற்கிறது, நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கொள்கலன் அதே இடத்தில் தொங்குகிறது. இடையில் அது போய்த் திரும்பி வந்திருக்கிறது.